என் மூக்குக்கு எட்டாத மாம்பழம்

உங்ககிட்ட முதல்ல ஒண்ணு கேக்கறேன். உங்களுக்கு எந்த மணம் தெரியாது?

முழிக்கிறீங்க பாருங்க. நமக்கு எல்லா மணமும் தெரியும்னு நினைச்சுக்கிட்டுத்தான் ஒவ்வொருத்தரும் பண்டங்களுக்கு மணமும் ருசியும் செய்யற இந்த ஃபிளேவர் லேபுக்குள்ள காலெடுத்து வைக்கிறோம். நானும் அப்படித்தான் வந்தேன். படிப்பு இருக்கு, கெமிஸ்ட்ரியில நல்ல மார்க் இருக்கு, சளித் தொல்லை கிடையாது, வேற என்ன வேணும்னு ஒரு திமிரு. ஆனா எல்லா மூக்குலயும் எங்கேயாவது ஒரு ஓட்டை இருக்கும். பொறவியிலேயே இருக்கும். ஊரே ஒரு மணத்தைச் சொல்லி மயங்கும், உங்களுக்கு மட்டும் அது வெறும் காத்தா இருக்கும். அது தெரியாமலே வாழ்ந்து முடிச்சவங்க எத்தனையோ பேர். நமக்கு இதுதான் பொழப்பு, அதனால கண்டுபிடிச்சே ஆகணும்.

ரிட்டையர் ஆனவளைக் கூப்பிட்டு வச்சு அனுபவத்தைச் சொல்லுங்கன்னு கேட்டிருக்கீங்க. எந்தப் பழத்துல எந்த எஸ்டர், எந்த ஊறுகாயில எந்த அமிலம்னு நான் சொல்லப் போறதில்லை. அதையெல்லாம் உங்க மெஷினே சொல்லும். நான் என் ஓட்டையைப் பத்திச் சொல்றேன்.

எனக்கு எட்டாதது பீட்டா அயனோன். பேரைக் கேட்டுப் பயந்துடாதீங்க. மாம்பழம் பழுக்கும்போது அதோட மஞ்சள் நிறம் உள்ளுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா உடையும். உடைஞ்ச துண்டுல ஒண்ணு காத்துல ஏறி மூக்குக்கு வரும். அதுக்குத்தான் இந்தப் பேரு. நிறமே மணமா மாறி வருதுன்னு வச்சுக்கோங்க. கேரட்டுல இருக்கு, டீத்தூள்ல இருக்கு, கொய்யாவுல இருக்கு. மாம்பழத்துல இருக்கிறது துளியூண்டுதான். ஆனா அந்தத் துளி இல்லைன்னா மாம்பழத்துக்கு உயிரே இல்லைங்கறாங்க. மத்தவங்க சொல்றதை வச்சுத்தான் நானும் சொல்றேன்.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல ட்ரெயினிங் நடந்துச்சு. இங்க சிங்கப்பூர்ல, ஜூரோங் பக்கம் எங்க கம்பெனி அப்ப ரொம்பச் சின்னது. நீளமான காகிதப் பட்டையில ஒரு சொட்டு வச்சு, ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்குக் கைமாத்தி விட்டாங்க. எனக்கு முன்னாடி உக்காந்திருந்த சீனப் பொண்ணு கண்ணை மூடிக்கிட்டு அப்படியே சாஞ்சுட்டா. என் கைக்கு வந்தப்ப அது வெறும் காகிதம். நடுவுல யாரோ பட்டையை மாத்தி என்னைச் சோதிக்கிறாங்கன்னு நினைச்சு, "இதுல ஒண்ணும் இல்லை, என்னை ஏமாத்த முடியாது"ன்னு பெருமையா சொன்னேன். ரூமே சிரிச்சது.

அன்னைக்குச் சாயங்காலம் செம்பவாங்ல எங்க வீட்டுல அம்மா மாம்பழம் நறுக்கி வச்சிருந்தாங்க. அப்பா கப்பல் டாக்யார்டுல வெல்டிங் வேலை பாத்து ஓஞ்சவர், அதிகம் பேச மாட்டார். "அப்பா, மாம்பழம் எப்படி மணக்குது?"ன்னு கேட்டேன். "மாம்பழம் மாதிரி மணக்குது. இது என்ன கேள்வி?"ன்னுட்டு அடுத்த துண்டை எடுத்துக்கிட்டார். அதே தட்டு, அதே பழம். சின்ன வயசுலேருந்து இவங்க சாப்பிட்டது ஒண்ணு, நான் சாப்பிட்டது வேற ஒண்ணுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. எனக்கும் இனிப்பு தெரியும், காம்புப் பக்கத்துப் பிசின் வாடை தெரியும், நல்லாத்தான் இருக்கும். ஆனா அதுக்கப்புறம் யாரு மாம்பழம் சாப்பிட்டாலும் எனக்குள்ள ஒரு ஏக்கம் வந்து உக்காந்துக்கும். ஒரே ஒரு மூச்சாவது அதை முகர்ந்துடணும். அந்த ஆசை இன்னைக்கு வரைக்கும் போகலை.

சில வருஷம் கழிச்சு தமிழ்நாட்டுலேருந்து ஒருத்தர் வேலைக்கு வந்தார். பேரைச் சொன்னா அவருக்குப் பிடிக்காது. ஊரு சேலம், அதனால லேப்ல சீனர், மலாய்க்காரர் எல்லாரும் அவரை "சேலம்"னுதான் கூப்பிடுவாங்க. நான் "சார்"ம்பேன். அவர் என்னை "மேடம்"பார். ரீட்டான்னு கூப்பிடுங்க, இங்க முதலாளியையே பேர் சொல்லித்தான் கூப்பிடுறோம்னு எத்தனையோ தடவை சொல்லியாச்சு. "சரிங்க மேடம்"பார்.

அவர் மூக்குலயும் ஓட்டை இருந்துச்சு. வந்த கொஞ்ச நாள்ல, மொறுமொறு தீனி ஒண்ணுக்கு சீஸ் ஃபிளேவர் பண்ணச் சொல்லியிருந்தாங்க. மனுஷன் ரொம்ப சந்தோஷமா கலக்கிக்கிட்டிருந்தார். நான் கதவைத் திறந்ததும் வாசல்லயே நின்னுட்டேன். "என்ன சார், ஃபுட்பால் டீம் மொத்தமும் இங்கதான் ஷூ கழட்டிப் போட்டிருக்கா?"

"ஏன் மேடம், இன்னும் கொஞ்சம் தூக்கலா வேணுமா?"ன்னு கேட்டார்.

ஐசோவேலரிக் அமிலத்தை அள்ளி ஊத்தியிருக்கார், அது அவருக்கு எட்டவே இல்லை. நொதிச்ச பண்டத்துல வர்ற வாடை அது. சீஸ், இறாலை நொதிக்க வச்ச பெலாச்சான், மீன் சாஸ் எல்லாத்துலயும் இருக்கும். அளவா இருந்தா ருசி, கூடினா அழுக்கு சாக்ஸ். லிட்டில் இந்தியாவுல அவரோட ரூம்ல தங்கியிருந்தவங்க ஏன் அவர் ஷூவை மட்டும் வாசலுக்கு வெளிய தள்ளி வைக்கிறாங்கன்னு அன்னைக்குத்தான் அவருக்குப் புரிஞ்சுதாம்.

அப்படித்தான் எங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம் ஆச்சு. பழம்னா அவர் மூக்கு, நொதிச்சதுன்னா என் மூக்கு. நான் மாம்பழம் பண்ணினா கடைசிச் சொட்டுக்கு அவர்கிட்ட போவேன், அவர் சீஸ் பண்ணினா என்கிட்ட வருவார். ஒரு தடவை தெம்போயாக் ஃபிளேவர் கேட்டாங்க. டுரியானை உப்புப் போட்டு நொதிக்க வைப்பாங்களே, அது. பழமும் நொதிப்பும் ஒரே கிண்ணத்துல வந்து மாட்டிக்கிச்சு. கேலாங்ல டுரியான் வாங்கி வந்து வச்சுக்கிட்டு, பழம் பத்தலைன்னு அவர், புளிப்பு பத்தலைன்னு நான், ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்கு எட்டாம நாள் முழுக்க சண்டை. சாயங்காலம் எங்க மலாய்த் தோழி ஒருத்தி ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாத்துட்டு, "எங்க வீட்டுல செய்யறது மாதிரியே இருக்கு லா, நீங்க சண்டை போட்டுக்கிட்டே இருங்க"ன்னா.

என் வீட்டுக்காரர் அவரை "உன் இன்னொரு மூக்கு"ம்பார். சர்ச் விழாவுக்கு அவர் வந்தா, "உன் மூக்கு வந்திருக்கு, போய்ப் பேசு"ன்னு என்னை அனுப்பி வைப்பார். எங்களைப் பத்திக் கதை கட்டினவங்களும் லேப்ல உண்டு. கட்டிக்கிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

நாங்க எப்படி வேலை செய்வோம்ங்கறதைக் கவனமா கேளுங்க. நான் அயனோனைத் துளித் துளியா கூட்டி, ஒவ்வொரு பட்டையா நீட்டுவேன். அவர் பேசக் கூடாது. பேச ஆரம்பிச்சா மூளை குறுக்க வந்துடும்னு நான் வச்ச சட்டம். நான் அவர் முகத்தையே பாத்துக்கிட்டிருப்பேன். முதல்ல புருவம் ரெண்டும் ஏறும், எங்க இருக்குன்னு தேடுவார். அளவு நெருங்க நெருங்க இன்னும் ஏறும். அப்புறம் ஏதோ ஒரு பட்டையில புருவம் சட்டுன்னு இறங்கிடும். தேடுறது நின்னுடும். உள்ள இழுத்த மூச்சை வெளிய விட மனசில்லாம ஒரு கணம் வச்சிருப்பார். அப்ப நான் "போதும்"பேன். அதுக்கு மேல ஒரு சொட்டு போனா மூக்கைச் சுருக்கி, "சோப்பு"ன்னுடுவார்.

எனக்குப் பொறாமையா இருக்கும். மூச்சைப் பிடிச்சு வச்சிருக்கிற அந்தக் கணத்துல உள்ள என்ன இருக்குன்னு கேட்டுக் கேட்டு அவரைப் பாடாப் படுத்தியிருக்கேன். ஒரு நாள், "வெயில்ல கிடந்த மரப்பலகை, மேடம்"பார். இன்னொரு நாள், "பவுடர் போட்ட குழந்தையோட கழுத்து"ம்பார். அதுக்கடுத்த வாரம் கேட்டா, பட்டுப் புடவை வச்சிருக்கிற பீரோவைத் திறந்த மாதிரிம்பார். ஏதாவது ஒண்ணுல நில்லுங்க சார்னு சத்தம் போடுவேன். "அது நிக்க மாட்டேங்குது மேடம். ஒரு மூச்சுல இருக்கு, அடுத்த மூச்சுல காணோம், அப்புறம் திரும்ப வருது"ன்னு பாவமா சொல்வார். அவர் சொன்னது பொய் இல்லை. மூக்கை மரத்துப் போக வச்சுட்டு, காணாமப் போய், மறுபடி வர்றது அயனோனோட குணம்.

அப்புறம் ஒரு வருஷம் அவர் ஊருக்கே திரும்பிப் போறேன்னுட்டார். மனைவி அங்க காலேஜ்ல பாடம் நடத்துறாங்க, பொண்ணு வளந்துக்கிட்டிருக்கா. லீவுல போய் விருந்தாளி மாதிரி பாத்துட்டு வர்றது எத்தனை நாளைக்கு? நியாயம்தான். சிராங்கூன் ரோட்டுல வாழையிலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து வழியனுப்பினோம். கை கழுவுற இடத்துல, "மேடம், இனிமே என் சீஸை யார் பாப்பாங்க?"ன்னு கேட்டார். என் மாம்பழத்தை யார் பாப்பாங்கன்னு நான் கேக்க வந்துட்டு, குழாயைத் திறந்து திரும்பவும் கை கழுவினேன். வீட்டுக்குப் போற வழியில எம்ஆர்டி ரயில்ல உக்காந்து அழுதேன். பக்கத்து சீட்டு அம்மா ஒண்ணும் கேக்காம டிஷ்யூ கொடுத்தாங்க.

அவர் போன பிறகுதான் எனக்கு சோதனை வந்துச்சு. ஒரு பெரிய பானக் கம்பெனி மாம்பழ ஜூஸுக்கு ஃபிளேவர் கேட்டாங்க. நாங்க கொடுத்த சாம்பிள் திரும்பி வந்துடுச்சு. மாம்பழத்தோட போட்டோ மாதிரி இருக்குன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. எது குறையுதுன்னு எனக்குத் தெரியும், எவ்வளவு குறையுதுன்னுதான் தெரியாது. ஒவ்வொரு ஜூஸுக்கும் அளவு வேற, பழைய அளவை எடுத்து இதுல போட முடியாது. இன்னும் ஒரு வாய்ப்பு கொடுத்தாங்க. அதுவும் போனா வேற இடத்துக்குப் போயிடுவாங்க, அந்த வருஷம் எங்க லேப் நிக்கிறதே அந்த வேலையை நம்பித்தான். பொறுப்பு என் தலையில.

லேப்ல ஹரின்னு ஒரு கெமிஸ்ட், இங்கேயே பொறந்து வளந்தவன், கணக்குல புலி. "ஏன் டென்ஷன் ரீட்டா, பேனல் வச்சுப் பாத்துடலாம் லா"ன்னான். அயனோன் அளவை மாத்தி மாத்தி அஞ்சு சாம்பிள் செஞ்சான். ஆபீஸ்ல இருக்கிறவங்களை, ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாம தனித்தனி தடுப்புக்குள்ள உக்கார வச்சான். ஜூஸோட நிறம் தெரியாம இருக்க சிவப்பு விளக்கு. எல்லாரும் மார்க் போட்டாங்க, அவன் கூட்டி வகுத்தான், நடு சாம்பிள் ஜெயிச்சது. "டேட்டா கிளியரா இருக்கு, இதையே அனுப்பிடலாம்"ன்னான். மேனேஜரும் தலையாட்டினார்.

எனக்கு மனசு ஒப்பலை. மார்க்கை ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பிரிச்சுப் பாத்தேன். பாதிப் பேர் குறைஞ்ச அளவுக்கு அள்ளிக் கொடுத்திருக்காங்க, அளவு ஏற ஏற மார்க் சரியுது. மீதிப் பேருக்கு நேர் எதிரா, அளவு ஏற ஏற மார்க்கும் ஏறுது. நடு சாம்பிளை யாருமே பெருசா ரசிக்கலை. ரெண்டு பக்கமும் சுமார்னு சொன்னதால அது மேல வந்து நிக்குது.

"ஹரி, இந்த சராசரி மனுஷன் எங்க இருக்கான்? எந்த புளோக், எந்த மாடி?"ன்னு கேட்டேன். அவன் சிரிச்சான். நான் சிரிக்கலை.

அந்த ரெண்டாவது பாதி யாருன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. என்னை மாதிரி ஓட்டைக்காரங்க. அயனோன் ரொம்பக் கூடினா எங்களுக்கு அது மணமா வராது, லேசா புளிப்பா வரும். ஜூஸுல புளிப்பு கூடினா நல்லாத்தானே இருக்கும், அதான் மார்க்கை ஏத்தியிருக்காங்க. அந்தப் பக்கம் உண்மையா முகர்ந்தவங்களுக்கு நடு சாம்பிளே சோப்பு ஆகியிருக்கும்.

சேலத்துக்கு போன் போட்டேன். "சார், எவ்வளவு போடணும்? எந்த இடத்துல சரின்னு நீங்க எப்படிச் சொல்வீங்க?"

"நான் எங்க மேடம் சொன்னேன்?"ன்னார். "நான் பாட்டுக்கு முகர்ந்துக்கிட்டே இருப்பேன். நீங்கதான் 'போதும்'பீங்க. அத்தனை மாம்பழத்தையும் நிறுத்தினது நீங்கதான்."

போனை வச்சுட்டு யோசிச்சுப் பாத்தேன். அவர் சொன்னது உண்மைதான். முகர்ந்தது அவர், ஆனா நிறுத்தினது எல்லாம் நான். எனக்கு எட்டாத ஒண்ணை நான் இத்தனை வருஷமா அளந்துக்கிட்டு இருந்திருக்கேன், அது எனக்கே தெரியலை.

மறுநாள் சிவப்பு விளக்கை அணைக்கச் சொல்லிட்டேன். எல்லாரையும் பேன்ட்ரிக்குக் கூட்டிட்டு வந்து, கோப்பி குடிக்க உக்கார்ற மாதிரி பெரிய மேசையைச் சுத்தி உக்கார வச்சேன். மார்க் போட ஒரு தாள்கூடக் கிடையாது. முதல்ல அயனோன் மட்டும் தொட்ட பட்டையைக் கொடுத்தேன். "என்ன இது, வெறும் காகிதமா?"ன்னு கேட்டவங்க கையைக் குலுக்கி, "வாங்க, நம்ம கட்சி"ன்னு சொல்லி வெளிய அனுப்பிட்டேன். மிச்சம் இருந்தவங்க முன்னாடி ஒவ்வொரு கிளாஸா வச்சு, அவங்க முகத்தைப் பாக்க ஆரம்பிச்சேன். "இதெல்லாம் ஒரு டெஸ்ட்டா ரீட்டா?"ன்னு மேனேஜர் கதவோரம் நின்னு கேட்டார். ரூல் படி தப்புதான். ஒருத்தர் முகத்தைப் பாத்து இன்னொருத்தர் மாறிடுவாங்கன்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சேன்.

புருவங்க ஏறுச்சு. ரெண்டாவது கிளாஸ்ல, அக்கவுண்ட்ஸ்ல இருந்த ஒரு சீன அம்மாவோட புருவம் சட்டுன்னு இறங்குச்சு. கிளாஸைக் கீழ வைக்காம கையிலேயே வச்சிருந்தாங்க. மூச்சை விடலை. அந்த அம்மாவுக்கும் சேலத்துக்கும் ஜாடையில ஒரு ஒட்டும் கிடையாது, ஆனா அந்தக் கணத்துல அது அவர் முகம்தான். அவரே வந்து எதிர்ல உக்காந்த மாதிரி இருந்துச்சு. பக்கத்துல ரெண்டு மூணு பேருக்கும் அதே மாதிரி இறங்குச்சு. "போதும்"ன்னேன். அடுத்த கிளாஸ்ல அந்த அம்மாவே சோப்பு வாடைன்னு மூக்கைச் சுருக்கினாங்க.

வெளிய அனுப்பின எங்க கட்சிக்காரங்களையும் விடலை. அந்த அளவுல அயனோன் அவங்களைத் தொந்தரவு பண்ணாது, இருக்குன்னே தெரியாது. அவங்க தேடினது புளிப்பு, அதுக்கு சிட்ரிக் அமிலம் ஒரு சிட்டிகை போதும். போட்டுக் கொடுத்தோம், ரெண்டு கட்சியும் குடிச்சது. அதையே அனுப்பினோம், பானக் கம்பெனி மறுபேச்சு இல்லாம எடுத்துக்கிட்டாங்க. ஹரி அதுக்கப்புறம் எந்த மார்க்கையும் பிரிச்சுப் பாக்காம கூட்ட மாட்டான்.

ஜூஸ் கடைக்கு வந்ததும் ஒரு பாட்டில் வாங்கிக்கிட்டு, எங்க அடுக்குமாடி புளோக் கீழ உக்காந்து தனியா குடிச்சேன். இனிப்பு இருந்துச்சு, புளிப்பு இருந்துச்சு. நான் நிறுத்தின அந்தச் சொட்டு அதுல எங்கேயோ இருக்கு, எனக்குத்தான் எட்டலை. சேலம் இப்ப பக்கத்துல இருந்தா நல்லா இருக்கும்னு நினைச்சேன்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மெஷினை நம்புங்க, பேனலை நம்புங்க, ஆனா ஒரு எண்ணு வந்து நின்னா அது யாரோட எண்ணுன்னு கேளுங்க. உங்க ஓட்டை எதுன்னு கண்டுபிடிச்சு, வெக்கப்படாம எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க. அதை நிரப்புற ஆளு கிடைச்சா விட்டுடாதீங்க, அவங்க முகத்தை நல்லா பாத்து வச்சுக்கோங்க. எதுக்குச் சொல்றேன்னா, போன மாம்பழ சீசன்ல ஒரு நாள் சேலத்துலேருந்து போன் வந்துச்சு.

நான் அப்ப தேக்கா மார்க்கெட்ல மாம்பழக் கடை முன்னாடி நின்னுக்கிட்டிருந்தேன். நம்பரைப் பாத்ததும், "சார், நான் எங்க நிக்கிறேன் சொல்லுங்க பாப்போம்"னு ஆரம்பிச்சேன்.

"மேடம், எனக்கு மூக்கு போயிடுச்சு"ன்னார்.

காய்ச்சல் வந்துச்சாம். காய்ச்சல் விட்டப்ப வாசனை மொத்தமும் கூடவே போயிடுச்சாம். காப்பி இல்லை, ரசம் இல்லை, ஒண்ணும் இல்லை. "நம்ம அயனோன் மாதிரிதான் சார், போயிட்டுத் திரும்ப வரும்"னு சொன்னேன். "ரொம்ப மாசமாச்சு மேடம்"ன்னார். வீட்டுல மல்கோவா வாங்கியிருக்காங்க, சாப்பிட்டா இனிக்குது, அத்தோட சரி. "அதுகூடப் பரவாயில்லை. எப்படி இருந்துச்சுங்கறதே மறந்துக்கிட்டு வருது. நான் உங்ககிட்ட என்னென்னவோ சொல்வேனே, ஞாபகம் இருக்கா?"

எனக்கா மறக்கும்? வெயில்ல கிடந்த மரப்பலகையைச் சொன்னேன், குழந்தை கழுத்தைச் சொன்னேன், பட்டுப் புடவை பீரோவைச் சொன்னேன்.

"இதெல்லாம் நானா சொன்னேன்?"

"பின்ன யாரு சார், நானா சொல்ல முடியும்?"

சிரிச்சார். சிரிச்சுக்கிட்டிருக்கும்போதே குரல் உடைஞ்சுடுச்சு. "முகர்றப்ப நான் எப்படி இருப்பேன் மேடம்?"ன்னு கேட்டார். அவர் முகத்தை அவர் எங்க பாத்திருக்கார்? அத்தனை வருஷமும் பாத்துக்கிட்டிருந்தது நான்தான்.

"வீடியோ போடுங்க. பழத்தைக் கையில எடுங்க"ன்னேன். தலை முழுக்க நரைச்சிருந்துச்சு அவருக்கு. மல்கோவாவைக் காம்புப் பக்கமா திருப்பி மூக்குகிட்ட கொண்டு போனார், பழக்கம் மாறலை. மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவுல நான் சத்தமா சொல்ல ஆரம்பிச்சேன். கடைக்காரர் வேலையை விட்டுட்டு என்னையே பாத்துக்கிட்டிருந்தார்.

"முதல்ல உங்க புருவம் ரெண்டும் ஏறும் சார். எங்கன்னு தேடுவீங்க."

ஏறுச்சு.

"நான் அடுத்த பட்டையைக் கொடுப்பேன். இன்னும் ஏறும். அதுக்கடுத்தது. வெயில்ல கிடந்த பலகை வரும். யாரோ பீரோவைத் திறப்பாங்க. மூச்சை உள்ள இழுப்பீங்க, இழுத்துட்டு விட மாட்டீங்க."

அவர் கண்ணை மூடிக்கிட்டார். மூச்சை இழுத்தார். அந்தச் சின்னத் திரையில அவர் புருவம் சட்டுன்னு இறங்குச்சு. மூச்சு வெளிய வரலை.

"போதும்"ன்னேன்.

கண்ணைத் திறந்தார்.

"மணம் வரலை மேடம்"ன்னார். "ஆனா சரியான இடத்துலதான் நிறுத்தினீங்க."